தூதரகத்தம்மா சொன்ன இன்ஷா அல்லாஹ்

கல்ஃபில் ஏதாவது ஒரு ஆபீஸ் கவுண்டரில் நின்று, வேலை எப்போது முடியும் என்று கேளுங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "இன்ஷா அல்லாஹ்" என்று சொன்னால் பேசாமல் ரூமுக்குத் திரும்பிவிடலாம். வேலை முடியாது. நாளைக்கு வா என்று அர்த்தம், அடுத்த மாதம் வா என்று அர்த்தம், என் தலையைத் தின்னாதே என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் நான் நன்றாகப் படித்த அரபி வார்த்தை அது ஒன்றுதான்.

ஆனால் எங்கள் ரூமில் அதற்கு வேறு அர்த்தம் இருந்தது. பக்கத்துக் கட்டில் மாமாவிடம், "காலையில எழுப்பி விடுங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் படுப்பேன். "இன்ஷா அல்லாஹ், எழுப்புறேன் மாப்ள" என்பார். எழுப்பாமல் விட்டதே இல்லை. ஒருமுறை காய்ச்சலில் எழுந்து உட்கார முடியாமல் கிடந்தவர், செருப்பை எடுத்து என் மேல் எறிந்து எழுப்பினார்.

ஓமானில், சோஹார் துறைமுகத்தை ஒட்டி ஒரு ஆலை கட்டிக்கொண்டிருந்தோம். நான் சேஃப்டி சூப்பர்வைசர். ஹெல்மெட் போடாதவனைப் பார்த்துக் கத்துவதுதான் என் வேலை, அதற்கு எனக்குச் சம்பளம். மாமா டவர் கிரேன் ஆபரேட்டர். எனக்கு சிவகங்கைப் பக்கம், அவருக்கு ராமநாதபுரம் பக்கம். அவர் முஸ்லிம், நான் இந்து. வந்த முதல் வாரமே மாமா, மாப்பிள்ளை என்று ஆகிவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். இதற்கு யாரும் வந்து எங்களுக்கு விருது கொடுக்க வேண்டியதில்லை.

அந்த நோன்பு மாதத்தில் மாமா சரியாகத் தூங்கவில்லை. காரணம் அவர் மகள். ஒரு மேற்கத்திய நாட்டில் மேல்படிப்புக்கு அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்திருந்தது. பெரிய நாடு. பெயரை எழுத மாட்டேன், எழுதினால் படிக்கிறவர்கள் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், மீதிப் பேர் கொடி பிடிப்பார்கள். சென்னையில் இருக்கும் அந்நாட்டு விசா ஆபீஸில் நேர்காணல் நடந்தது. "கூடுதல் சரிபார்ப்பு" என்று சொல்லிப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். மாதக்கணக்கில் சத்தமே இல்லை. அதே நாளில், அதே வரிசையில், அதே கல்லூரியில் படித்த தோழி ஒருத்தியும் நேர்காணலுக்குப் போயிருந்தாள். அவளுக்கு ஒரே வாரத்தில் விசா வந்துவிட்டது. இரண்டு பெண்களுக்கும் மார்க்கில் வித்தியாசம் இல்லை. பெயரில்தான் வித்தியாசம். பெருநாள் முடிந்த கையோடு வகுப்பு ஆரம்பம். அதற்குள் போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும்.

"தர்றோம்னு சொல்லட்டும். இல்ல, தரமாட்டோம்னு சொல்லட்டும். தரமாட்டோம்னா எம் மக வேற வழிய பாக்கும். இப்படித் தொங்கவிட்டா என்ன மாப்ள அர்த்தம்?" என்று மாமா கேட்பார். "கிரேன்ல லோடைத் தொங்கவிட்டுட்டு நான் கீழ எறங்கிப் போனா நீ விடுவியா?"

விடமாட்டேன். சட்டையைப் பிடித்து கேட்டுக்கு வெளியே தள்ளியிருப்பேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் தங்குமிடத்துக்குப் பொறுப்பான கேம்ப் பாஸ் ஒரு செய்தியோடு வந்தார். அந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரி எங்கள் கேம்ப்புக்கு வருகிறாராம். எங்களோடு உட்கார்ந்து நோன்பு திறப்பாராம். முஸ்லிம் சமூகங்களோடு தங்கள் நாட்டின் உறவை மேம்படுத்தும் திட்டமாம். எங்கள் கம்பெனியில் அந்த நாட்டு ஆட்களுக்குப் பங்கு இருந்ததால் எங்கள் கேம்ப்பைப் பிடித்திருக்கிறார்கள்.

உறவு மேம்பட்டதோ இல்லையோ, எங்கள் பாத்ரூம் கதவு மேம்பட்டது. நான் எத்தனை முறை எழுதிக் கொடுத்தும் வராத தாழ்ப்பாள் அன்று வந்தது. மெஸ் ஹாலுக்கு வெள்ளையடித்தார்கள். வாசலில் பேனர் கட்டினார்கள், பிறை நிலாவும் இரண்டு கைகள் குலுக்குவது போன்ற படமும் போட்டு. அந்த வருஷம் எல்லோர் போனிலும் குண்டு விழுந்து இடிந்த வீடுகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. அந்த பேனரைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலே இருந்து ஒன்றைப் போடுவார்கள், கீழே வந்து பேரீச்சம்பழம் நீட்டுவார்கள். என் ரூமில் நான் இதைச் சத்தமாகவே சொன்னேன்.

"கத்தாத," என்றார் மாமா. "வர்றது ஒரு ஆளு. குண்டு போட்டது அந்த ஆளா?"

"சரி. அப்ப அந்த ஆளுகிட்ட மக விஷயத்தக் கேளுங்க."

மாமா தொப்பியைத் துவைத்துக் கட்டில் கம்பியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"கேக்கக் கூடாது மாப்ள. இது நம்ம கேம்ப்பு. கஞ்சி நாம காய்ச்சுறோம். வர்றவங்க நமக்கு விருந்தாளி. வீட்டுக்கு வந்தவங்க கைய கழுவுறதுக்குள்ள போயி காரியம் கேப்பாங்களா?"

"பிரியாணி அவங்க காசு. பேனரும் அவங்களுது. எப்படி அவங்க விருந்தாளி?"

கீழ்க்கட்டிலில் படுத்திருந்த அரியலூர்க்காரன் எழுந்து உட்கார்ந்தான். இரும்பு கட்டுகிற வேலை அவனுக்கு, வாய் மட்டும் எப்போதும் சும்மா இருக்காது. "அப்ப பிரியாணி அவங்க வீடு, கஞ்சி நம்ம வீடுங்க மாமா. நடுவுல வாய்க்கா தகராறு" என்றான்.

மாமா சிரிக்கவில்லை. அதை நிஜமாகவே யோசித்தார். மறுநாள் கிரேனில் ஏறும் முன் என்னிடம் வந்து முடிவைச் சொன்னார். "அவங்க பழம் கொண்டு வர்றாங்களாம்ல. நான் அந்தப் பழத்துல நோன்பு தொறக்குறேன். தொறந்துட்டா நான் அவங்க விருந்தாளி. விருந்தாளி கேக்கலாம். ஆனா ஒரு தடவைதான் கேப்பேன். நீதான் இங்கிலீஷ்ல சொல்லணும்."

இந்த மாதிரிக் கணக்கு எனக்குப் புரியாது. நானாக இருந்தால் வாசலிலேயே மறித்துக் கேட்டிருப்பேன்.

அந்த நாள் வந்தது. முஸ்லிம்கள் எல்லோரும் முன்மேஜையில் உட்கார வேண்டும் என்று கேம்ப் பாஸ் உத்தரவு. பாதிப் பேர் ஷிஃப்டில் இருந்தார்கள். முன்மேஜை நிறையவில்லை. போட்டோ எடுப்பார்களே என்று பயந்துபோன கேம்ப் பாஸ், பின்னால் நின்ற அரியலூர்க்காரனைப் பிடித்து நெற்றி விபூதியைத் துடைக்கச் சொல்லி, புதுத் தொப்பி ஒன்றை மாட்டி, முன்னால் உட்கார வைத்துவிட்டார். பிறகு எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: "பாய்லோக், சவால் நஹி. கம்ப்ளெய்ன்ட் நஹி. சிர்ஃப் ஸ்மைல்." கேள்வி கேட்காதே, குறை சொல்லாதே, பல்லை மட்டும் காட்டு.

வந்தவர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். தலையில் துணி சுற்றியிருந்தார், அது காற்றில் நழுவிக்கொண்டே இருந்தது. கூட வந்தவர்கள் சின்னப் பைகளை எங்கள் முன் வைத்தார்கள். ஒவ்வொரு பையிலும் அவர்கள் கொடி, உள்ளே பேரீச்சம்பழம். திரும்பிய பக்கமெல்லாம் பேரீச்ச மரம் நிற்கிற ஊருக்கு, கடல் தாண்டிப் பேரீச்சம்பழம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அவர் முதலில் அரபியில் பேச ஆரம்பித்தார். புத்தகத்து அரபி, நிறுத்தி நிதானமாக. ஓமானி மேனேஜர் ஒருவருக்கு மட்டும் அது புரிந்தது. எங்கள் ஆட்கள் ஸலாமுக்கு பதில் ஸலாம் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். முஸ்லிம் என்றால் அரபி பேசுவான் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் நேராக அரியலூர்க்காரனைப் பார்த்து அரபியில் ஏதோ கேட்டார். அவன் எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த மொத்த அரபியையும் சொன்னான்:

"மாஃபி மாலும், மேடம்."

தெரியாது என்று அர்த்தம். சைட்டில் எல்லாரும் நாள் முழுக்கச் சொல்வதுதான். மேஜை முழுக்கச் சிரிப்பு. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகுதான் இங்கிலீஷுக்கு மாறினார், என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள்.

மரியாதை, புரிதல், பாலம், இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பேசினார். நான் நீட்டி முழக்காமல், "நம்மள அவங்களுக்குப் பிடிக்குமாம்" என்று தமிழில் முடித்துவிட்டேன். அன்று தானும் நோன்பு வைத்திருப்பதாகச் சொன்னார். நடிப்பு என்றுதான் நினைத்தேன். ஆனால் பாங்கு சொன்னதும் தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பட்டினி கிடந்தவர்களை எனக்குத் தெரியும், அவர்கள்தான் அப்படிக் குடிப்பார்கள். அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மாமா கொடி போட்ட பையைப் பிரித்து, ஒரு பழத்தை எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி வாயில் போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது, இப்போது அவர் விருந்தாளி.

கஞ்சி வந்தது. அந்தம்மா இரண்டு டம்ளர் குடித்தார், என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். தொழுகை முடிந்து பிரியாணிக்கு உட்கார்ந்தபோது மாமா அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தார். நானும் போனேன். கேம்ப் பாஸ் கண்ணால் மிரட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

மாமா தமிழில் சொன்னார், நான் இங்கிலீஷில் சொன்னேன். மகள் படிப்பு, நேர்காணல், பாஸ்போர்ட், காத்திருப்பு எல்லாம் சொன்னேன். தோழியின் விஷயத்தை மாமா சொல்லவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டேன். கடைசியில் மாமாவின் கேள்வி: "குடுப்பாங்களா, மாட்டாங்களா? அத மட்டும் சொல்லுங்க."

அந்தம்மா முழுக்கக் கேட்டார். முகம் உண்மையிலேயே வாடியது. மாமாவின் கையைப் பிடித்துக்கொள்ள நினைத்து, அது முறையா என்று தெரியாமல் தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"இன்ஷா அல்லாஹ்."

எனக்குப் பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அரியலூர்க்காரன் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தான். "போச்சு. மாமாவுக்கும் போட்டுட்டாங்கய்யா இன்ஷா அல்லாஹ்" என்றான். பக்கத்து மேஜை வரை சிரிப்பு போனது.

ஏன் சிரிக்கிறார்கள் என்று அந்தம்மா என்னைக் கேட்டார். மேலாளர் வேலைக்கு நான் ஏன் போகவில்லை என்று என் மனைவி அடிக்கடி கேட்பாள், காரணம் இந்த வாய்தான். சொன்னேன்.

"மேடம், இந்த ஊரில் ஆபீஸில் இருப்பவர் இந்த வார்த்தையைச் சொன்னால் வேலை நடக்காது என்று அர்த்தம். உங்களிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது, போன் இருக்கிறது, அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட்டும் உங்கள் ஆட்களிடம்தான் இருக்கிறது. கடவுளிடம் எதற்கு அனுப்புகிறீர்கள்?"

கேம்ப் பாஸ் என் முதுகில் கிள்ளினார், நிஜமாகவே கிள்ளினார். அந்தம்மாவின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. மரியாதைக்காகத்தான் சொன்னேன் என்று ஏதோ ஆரம்பித்தார். அதற்குள் மாமா மேஜையைத் தட்டினார். என்னைப் பார்த்துத்தான்.

"நீ வாய மூடு. என்னா சொன்ன அவங்ககிட்ட?"

சொன்னேன்.

"ஒனக்கு அந்த வார்த்தைக்கு மரியாத தெரியாது, கவுண்டர்ல ஒக்காந்திருக்கானே அவனுக்கும் தெரியாது. அதுக்காக அது கெட்ட வார்த்தையாயிருமா? நான் ஒன்ன எழுப்புறேன்னு சொல்றப்ப என்னைக்காவது எழுப்பாம விட்ருக்கேனா?"

"இல்ல மாமா."

"அப்ப நான் சொல்றத அப்படியே சொல்லு. கூட்டாத, கொறைக்காத. அம்மா, நீங்க அல்லாஹ் பேரச் சொல்லிட்டீங்க. இன்ஷா அல்லாஹ்னா, நான் முழுசா முயற்சி பண்ணுவேன், மிச்சம் அவன் கையிலங்கிறது அர்த்தம். முயற்சி பண்றது சொன்னவங்க கடன். நீங்க சும்மா சொல்லியிருந்தீங்கன்னா இப்பவே திருப்பி வாங்கிக்கங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். திருப்பி வாங்கலேன்னா, நான் அத வாக்குன்னுதான் எடுத்துக்குவேன்."

கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ஓமானி மேனேஜர் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் ஆபீஸிலும் அந்த வார்த்தை என்ன பாடுபடுகிறது என்று எனக்குத் தெரியும், அதை அன்று நான் சொல்லவில்லை.

அந்தம்மா தலையில் சுற்றிய துணியைச் சரி செய்வதை விட்டுவிட்டார். அது தோளில் விழுந்து கிடந்தது.

"விசா கொடுப்பது என் வேலை இல்லை. அந்த ஆபீஸ் எனக்குக் கீழே இல்லை. கேட்க மட்டும் என்னால் முடியும்" என்றார். "கேட்கிறேன். அவர்கள் ஆம் என்றாலும் சொல்கிறேன், இல்லை என்றாலும் சொல்கிறேன். வியாழக்கிழமைக்குள். அந்த வார்த்தையை இனிமேல் சொல்லவில்லை."

"சொல்லச் சொல்லு," என்றார் மாமா. "வியாழக்கெழமையும் சொல்லட்டும், அந்த வார்த்தையும் சொல்லட்டும். ரெண்டும் சேந்துதான் இருக்கணும்."

அவர் வியாழக்கிழமை என்றார், பிறகு மெதுவாக இன்ஷா அல்லாஹ் என்றார். மாமாவிடம் அப்போது போன் இல்லை, ரூமில் சார்ஜில் கிடந்தது. என் நம்பரைத் தன் போனில் போட்டுக்கொண்டார்.

அவர்கள் கார் கிளம்பியதும் கேம்ப் பாஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். நீ கேம்ப் மானத்தை வாங்கிவிட்டாய், கம்பெனி என்னைக் கேள்வி கேட்கும் என்றார். கேட்டால் என்னிடம் அனுப்பு, பாத்ரூம் தாழ்ப்பாளைப் பற்றியும் சேர்த்துப் பேசுகிறேன் என்றேன். கம்பெனி யாரையும் கேட்கவில்லை. தாழ்ப்பாள் மட்டும் அடுத்த வாரமே மறுபடி உடைந்துவிட்டது.

நான் நம்பவில்லை. வெளிப்படையாகவே மாமாவிடம் சொன்னேன், இவர்கள் பேசத்தான் வருவார்கள் என்று. "நீ நம்ப வேணாம். நம்பறதுக்கு நான் இருக்கேன்" என்றார் அவர். மகளிடமும் போனில் அப்படியே சொன்னார், வியாழக்கிழமை தெரியும் புள்ள என்று. ஒன்றும் வராவிட்டால் அந்தப் பெண் இன்னும் ஒருமுறை ஏமாற வேண்டும். அதற்கு நானும் ஒரு காரணம், கேளுங்கள் என்று தூண்டிவிட்டது நான்தானே.

வியாழக்கிழமை காலை மாமா வழக்கம்போல கிரேனில் ஏறினார். கேபினுக்குள் போன் கூடாது. அது என் ரூல், நானே போட்டது. ஏறும் முன் போனை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் எல்லா ஆபரேட்டரும் ஏற வேண்டும். ரேடியோவில் லோடைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும், சொந்தக் கதை பேசினால் ரிப்போர்ட். அதுவும் என் ரூல்தான். அன்று காலை ரேடியோவில் மாமாவின் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு லோடும் இறங்கியதும் கேபின் கண்ணாடியில் அவர் முகம் என் பக்கம் திரும்புவது கீழிருந்தே தெரிந்தது.

வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் என் போன் அடித்தது. தெரியாத நம்பர். அந்தம்மாதான்.

சுற்றி வளைக்கவில்லை. சரிபார்ப்பு முடிந்துவிட்டது, விசா கொடுக்கிறார்கள், இரண்டு மூன்று நாளில் பாஸ்போர்ட் வீட்டுக்கு வந்துவிடும் என்றார். தான் கேட்டதால் நடந்ததா, தானாகவே முடிந்ததா என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். அதற்கு முன் என் வாயில் வந்தது இதுதான்: "எதற்காக இத்தனை மாதம்? அந்த இன்னொரு பெண்ணுக்கு ஏன் ஒரு வாரம்?"

"என்னிடம் அதற்குப் பதில் இல்லை" என்றார். "கேட்டேன். சொல்லவில்லை." மறுபடியும் கேட்பேன் என்றோ, இன்ஷா அல்லாஹ் என்றோ சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒரு அதிகாரி சொல்லி நான் கேட்டது அன்றுதான். பிறகு நன்றி சொன்னேன், மனதார.

இப்போது சொல்லுங்கள், இதைவிட என்ன உறவு வேண்டும்? பேனர் வேண்டாம், கடல் கடந்த பேரீச்சம்பழம் வேண்டாம். கேட்டதற்கு ஒரு நாள் குறித்து அந்த நாளில் பதில் சொல்லுங்கள், ஒரே தகுதி உள்ள இரண்டு பெண்களை ஒரே மாதிரி நடத்துங்கள். எத்தனை மாநாடு போட்டாலும் எங்கள் கேம்ப் ஆட்களைக் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். அந்தம்மா முதலாவதைச் செய்தார். இரண்டாவதை அவர் நாடு செய்ய வேண்டும். செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை அது.

போனை வைத்துவிட்டு மேலே பார்த்தேன். ஒரு கட்டு இரும்புக் கம்பி காற்றில் வந்துகொண்டிருந்தது. லோடு தொங்கும்போது ஆபரேட்டரிடம் எதையும் சொல்லக் கூடாது, நல்ல செய்தியாக இருந்தாலும். நின்றேன். கட்டு தளத்தில் இறங்கியது. அரியலூர்க்காரன் சங்கிலியைக் கழற்றிவிட்டு ஒதுங்கினான். கொக்கி காலியானது.

நான் நடுவெளிக்கு வந்து, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஆள்காட்டி விரலை வானத்துக்கு நீட்டி, சுற்றினேன். கிரேன் பாஷையில் அதற்கு லோடை மேலே ஏற்று என்று அர்த்தம்.

ரேடியோவில் மாமா வந்தார். "என்ன மாப்ள, வெயில்ல கிறுக்குப் புடிச்சிருச்சா? கொக்கி காலியா கெடக்கு. எதை ஏத்தச் சொல்ற?"

ரேடியோ பட்டனை அமுக்கினேன். என் ரூலை நானே மீறினேன்.

"ஒங்க மகள, மாமா. ஃபிளைட்ல ஏத்துங்க."

கீழே வேலை செய்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள், அதே சேனலில் இருந்த அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். பிறகு கிரேன் ஹார்ன் அடித்தது. லோடு இல்லாமல், காரணம் இல்லாமல், நீளமாக. துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

ஹார்ன் நின்றதும் மறுபடி ரேடியோவில் மாமாவின் குரல், கொஞ்சம் உடைந்து. "நான்தான் சொன்னேன்ல. ஒனக்குத்தான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியல."

"சரி மாமா. எறங்கி வந்து மகளுக்குப் போன் போடுங்க."

"ஷிஃப்ட் முடியட்டும். இன்னும் நாலு லோடு கெடக்கு. எறக்கிட்டு வர்றேன், இன்ஷா அல்லாஹ்."

நாலையும் இறக்கிவிட்டுத்தான் வந்தார்.